மரபில் வந்தது தன்னுடையதா? – இடைமுக மரபுரிமையும் பிரதிபலிப்பும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் ரயில் பாதையில் கேரளத்தின் கடைசி நிலையம் பாறசாலை. சாலை வழியே சென்றால் இஞ்சிவிளையைத் தாண்டியதும் களியக்காவிளை, அது தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-க்கு முன் இவ்விடத்தில் மாநில எல்லை கிடையாது. நெய்யாற்றின்கரை, விளவங்கோடு என்னும் இரு தாலுகாக்களைப் பிரிக்கும் கோடு மட்டுமே இருந்தது. அன்றைய நாளில் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய பகுதிகளுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. அது கேரளத்திலேயே நின்றது. பாறசாலை அந்தத் தாலுகாவைச் சேர்ந்தது. கோட்டின் இருபுறமும் இரு மொழிகளும் இன்றும் பேசப்படுகின்றன.

இத்தகைய ஊரிடம் ‘உன்னுடையது எது?’ என்று கேட்டால், பதில் கேள்வியின் அமைப்பைப் பொறுத்தது. ஊர் தானே அறிவித்துக்கொண்டதை மட்டும் கேட்கிறோமா, முந்தைய அமைப்பிலிருந்து அதற்கு வந்து சேர்ந்ததையும் சேர்த்துக் கேட்கிறோமா? நிரலாக்க மொழிகளின் வரலாற்றில் இதே கேள்வி சற்றேறக்குறைய முப்பது ஆண்டுகள் பேசப்பட்டது. இரு பெரும் மொழிக் குடும்பங்கள் அதற்கு ஒன்றுக்கொன்று நேர்மாறான விடைகளைத் தந்தன. கணினியியல் மாணவர்கள் அவ்விடைகளை மனப்பாடம் செய்கிறார்கள். அவை மனிதர்கள் எடுத்த முடிவுகள் என்பதும், வேறு விதமாகவும் எடுக்கப்பட்டிருக்கலாம் என்பதும் பாடநூல்களில் அதிகம் பேசப்படுவதில்லை.

மரபுரிமை என்னும் கருத்து நார்வேயில் தொடங்கியது. ஓஸ்லோவிலுள்ள நார்வேஜியன் கம்ப்யூட்டிங் சென்டரில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் இருவரும் உருவாக்கிய சிமுலா 67 மொழியில்தான் வகுப்பு, துணைவகுப்பு என்னும் அமைப்பு முதன்முதலில் நிலைபெற்றது. அவர்கள் கண்முன் இருந்தவை உருவகப்படுத்தல் தேவைகள்: வரிசையில் நிற்கும் வாடிக்கையாளர், துறைமுகத்துக்கு வரும் கப்பல், பாலத்தைக் கடக்கும் வண்டி. வண்டிக்குப் பொதுவான பண்புகளை ஒருமுறை எழுதிவிட்டு, லாரிக்கும் பேருந்துக்கும் வேறுபடுவதை மட்டும் தனித்தனியே எழுத முடிந்தது. இங்கே பிள்ளை பெறுவது பெற்றோரின் உடலையே. தரவும் செயற்கூறுகளும் அவற்றின் உள்வேலையும் ஒருசேர இறங்கி வந்தன.

அந்த வசதியின் விலை பின்னர் தெரிந்தது. பெற்றோர் வகுப்பின் உள்ளமைப்பைச் சார்ந்து துணைவகுப்பு எழுதப்பட்டால், பெற்றோரில் செய்யும் சிறு மாற்றமும் பிள்ளையை உடைக்கும். மரபுரிமை உறைபொதியாக்கத்தைக் குலைக்கிறது என்று ஆலன் ஸ்னைடர் 1986-இல் ஊப்ஸ்லா மாநாட்டுக் கட்டுரையில் வாதிட்டார். அடுத்த ஆண்டு ஃபுளோரிடாவின் ஒர்லாண்டோ நகரில் அதே மாநாட்டில் பேசிய பார்பரா லிஸ்கோவ், செயலாக்கத்தைப் பகிரும் படிநிலையும் வகைகளின் நடத்தையைக் காக்கும் படிநிலையும் வெவ்வேறு என்பதைத் தெளிவுபடுத்தினார். 1990-இல் வில்லியம் குக்கும் அவருடைய இணையாசிரியர்களும், மரபுரிமையும் துணைவகைமையும் ஒன்றல்ல என்பதைக் கட்டுரைத் தலைப்பாகவே வைத்தனர்.

இவ்விவாதத்தின் விளைவே இடைமுகம். வகுப்பு ஒரு வேலையை எப்படிச் செய்கிறது என்பதைச் சொல்கிறது. இடைமுகமோ இன்ன வேலை செய்து தரப்படும் என்னும் வாக்குறுதியை மட்டும் எழுதி வைக்கிறது. ஆப்ஜெக்டிவ்-சி மொழியில் நெக்ஸ்ட் நிறுவனம் சேர்த்த ‘புரோட்டோகால்’ இவ்வகையைச் சேர்ந்தது. ஜாவாவின் இடைமுகம் அதிலிருந்து தூண்டுதல் பெற்றது. 1996 ஜனவரியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட ஜாவாவின் முதல் பதிப்பில், ஒரு வகுப்புக்கு ஒரே பெற்றோர் வகுப்புதான் இருக்க முடியும். இடைமுகங்கள் எத்தனையும் இருக்கலாம். ஓர் இடைமுகம் வேறு பல இடைமுகங்களிலிருந்து பெறவும் செய்யலாம். உடலுக்கு ஒரு மூலம், வாக்குறுதிகளுக்குப் பல மூலங்கள் என்பது விதியாயிற்று. உடல் இரு வழியாக வந்தால் எது செல்லும் என்னும் குழப்பம் எழும். வாக்குறுதி இரு வழியாக வந்தாலும் அதை ஒருமுறை நிறைவேற்றினால் போதும்.

இனிப் பிரதிபலிப்பு. நிரலாளர் வழக்கில் இது ‘ரிஃப்ளெக்‌ஷன்’. இயங்கிக்கொண்டிருக்கும் நிரல் தன்னையே ஆராய்ந்து, தன் பொருள்கள் எவ்வகுப்பைச் சேர்ந்தவை, எச்செயற்கூறுகளை உடையவை என்று கேட்டறியும் திறன் இது. பிரையன் கான்ட்வெல் ஸ்மித் 1982-இல் எம்.ஐ.டி.யில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு இதற்குக் கோட்பாட்டு அடித்தளம் இட்டது. 3-லிஸ்ப் மொழி அதன் செயல்வடிவம். ஒரு நிரல் தன்னைப் பற்றி வைத்திருக்கும் சித்திரமும் அதன் உண்மை நிலையும் காரண காரியத் தொடர்பால் இணைந்திருக்க வேண்டும் என்பது அதன் உள்ளக் கருத்து. சித்திரம் மாறினால் நிலை மாற வேண்டும். நிலை மாறினால் சித்திரமும் மாற வேண்டும். இக்கருத்தைப் பொருள்நோக்கு மொழிகளுக்குக் கொண்டுவந்த பாட்டி மாஸின் கட்டுரை, லிஸ்கோவ் பேசிய அதே 1987 ஊப்ஸ்லா மாநாட்டில் வெளிவந்தது. வாக்குறுதியை உடலிலிருந்து பிரிக்கும் சிந்தனையும், நிரல் தன்னைத் தானே கேட்கும் சிந்தனையும் ஒரே கூட்டத்தில் அருகருகே ஒலித்தன.

நடைமுறையில் இதற்கு முன்னோடி ஸ்மால்டாக். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் உருவான அம்மொழியில் வகுப்பும் ஒரு பொருளே; அதற்குச் செய்தி அனுப்பிக் கேள்வி கேட்கலாம். ஆனால் ஸ்மால்டாக்கில் ஜாவா வகையான இடைமுகம் இல்லை. எனவே ‘மரபில் வந்த வாக்குறுதி உன்னுடையதா?’ என்னும் கேள்விக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. 1997-இல் வந்த ஜாவா 1.1 பிரதிபலிப்பு நூலகத்தைச் சேர்த்தபோதுதான், பெருவழக்கில் உள்ள ஒரு மொழியில் இரண்டும் நேருக்கு நேர் சந்தித்தன. நிரலைத் திரையில் துண்டு துண்டாகக் கோத்து அமைக்கும் ஜாவாபீன்ஸ் கருவிகள், முன்பின் அறியாத வகுப்பை எடுத்து அதன் பண்புகளைக் கேட்டறிய வேண்டியிருந்தது. 2002-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட டாட்நெட் தளத்தில் பிரதிபலிப்பு தொடக்கத்திலிருந்தே உள்ளமைந்திருந்தது.

இரு தளங்களின் விடைகளையும் ஓர் எடுத்துக்காட்டில் வைத்துப் பார்க்கலாம். ‘தமிழறிந்தவர்’ என்பது ஓர் இடைமுகம். தமிழில் பதில் தரும் செயற்கூறு அதன் வாக்குறுதி. ‘மலையாளமறிந்தவர்’ இன்னொன்று. இவ்விரண்டிலிருந்தும் பெறும் மூன்றாவது இடைமுகம் ‘இருமொழியாளர்’. அது புதிதாக எதையும் சேர்க்கவில்லை. ‘எல்லைவாசி’ என்னும் வகுப்பு தன்னை இருமொழியாளர் என அறிவிக்கிறது. ‘பாறசாலைவாசி’ என்னும் வகுப்பு எல்லைவாசியின் துணைவகுப்பு. அது தன் பங்குக்கு எந்த இடைமுகத்தையும் அறிவிக்கவில்லை.

ஜாவாவில் பாறசாலைவாசி வகுப்பிடம் அதன் இடைமுகங்களைத் தருமாறு ‘கெட்இன்டர்ஃபேசஸ்’ வழியே கேட்டால், வெற்றுப் பட்டியல் கிடைக்கும். அது நேரடியாக எதையும் அறிவிக்கவில்லை அல்லவா! எல்லைவாசியைக் கேட்டால் இருமொழியாளர் என்னும் ஒரே பெயர் வரும், தமிழறிந்தவர் வராது. ஆயினும் பாறசாலைவாசியின் ஒரு பொருளைக் காட்டி ‘இது தமிழறிந்தவரா?’ என்று வேறு செயற்கூறின் வழியே கேட்டால், ஆம் என்பதே விடை. ஒரே ஆள், பட்டியல் கேட்கும்போது மொழியற்றவர், குறித்துக் கேட்கும்போது தமிழர்.

டாட்நெட்டில் இதே பெயருடைய கேள்வியைக் கேட்டால் மூன்று இடைமுகங்களும் ஒன்றாக வந்து விழும். பெற்றோர் வழி வந்தது, இடைமுகத்தின் இடைமுகம் வழி வந்தது என்னும் வேறுபாடெல்லாம் அங்கே கரைந்துவிடும். எதை இவ்வகுப்பு தானே அறிவித்தது என்று அறிய விரும்புபவர், பெற்றோரின் பட்டியலை ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்க்க வேண்டும்.

கேள்வியை வகுப்பிடமிருந்து இடைமுகத்துக்கு மாற்றினால் இருவரும் இடம் மாறி நிற்கிறார்கள். ‘இருமொழியாளர்’ இடைமுகத்திடம் அதன் செயற்கூறுகளைக் கேட்டால், ஜாவாவின் ‘கெட்மெத்தட்ஸ்’ மேல் இடைமுகங்களிலிருந்து வந்த இரண்டையும் தருகிறது. டாட்நெட் வெற்றுப் பட்டியலைத் தருகிறது. சி ஷார்ப் நிரலாளர் பலர் இதை ஐலிஸ்ட் என்னும் இடைமுகத்தில் முதலில் சந்திக்கிறார்கள். பட்டியலில் எத்தனை உறுப்புகள் உள்ளன என்பதைச் சொல்லும் ‘கவுண்ட்’ பண்பு அதற்கு உண்டு; நிரலில் எழுதினால் வேலை செய்யும். பிரதிபலிப்பு வழியே ஐலிஸ்டிடம் கேட்டால் அப்படியொரு பண்பு இல்லை என்று விடை வரும். அது ஐகலெக்‌ஷன் என்னும் மேல் இடைமுகத்தில் அறிவிக்கப்பட்டது என்பதே காரணம்.

இதைப் பிழை என்று தள்ளிவிட முடியாது. டாட்நெட்டின் அடிப்படைத் தரநிலை, இடைமுகங்களுக்கிடையிலான உறவை மரபுரிமையாகவே கருதுவதில்லை. இருமொழியாளர் என்பது தமிழறிந்தவரின் பிள்ளை என்று அது கொள்வதில்லை. இருமொழியாளர் எனத் தன்னை அறிவிப்பவர் தமிழறிந்தவராகவும் இருந்தாக வேண்டும் என்னும் நிபந்தனையாகக் கொள்கிறது. நிபந்தனை விதித்தவருக்கு அந்தச் செயற்கூறு சொந்தமில்லை. நிபந்தனையை நிறைவேற்றும் வகுப்புக்கோ எல்லா வாக்குறுதிகளும் சொந்தம். இப்படிப் பார்த்தால் டாட்நெட்டின் இரு விடைகளும் ஒன்றுக்கொன்று இசைந்தவை. ஜாவாவின் விடைகள் வேறொரு பார்வையில் நியாயமானவை: இடைமுகப் பட்டியல் மூலநிரலில் எழுதியதை எழுதியபடி காட்டுகிறது, செயற்கூறுப் பட்டியல் அழைக்கக்கூடிய அனைத்தையும் காட்டுகிறது. ஒன்று ஆவணம், மற்றொன்று பயன்பாடு. அறிவித்தவற்றை மட்டும் வேண்டுவோருக்கு ‘கெட்டிக்ளேர்டுமெத்தட்ஸ்’ எனத் தனிச் செயற்கூறும் ஜாவாவில் உண்டு.

இந்த நுட்பம் நடைமுறையில் பெரிதாகவே உறைத்தது. 2000-இல் வெளிவந்த ஜாவா 1.3, இயக்க நேரத்திலேயே பதிலாள் வகுப்பை உருவாக்கும் ‘புராக்ஸி’ வசதியைத் தந்தது. ஒரு பொருளின் முன்னே பதிலாளை நிறுத்தி, வரும் அழைப்புகளைப் பதிவு செய்யலாம், அனுமதி சரிபார்க்கலாம், தரவுத்தளப் பரிவர்த்தனையைத் தொடங்கி முடிக்கலாம். ஸ்பிரிங் போன்ற கட்டமைப்புகள் இதன்மீதே வளர்ந்தன. இந்தப் பதிலாள் இடைமுகங்களின் பட்டியலைக் கொண்டு மட்டுமே உருவாகிறது. நிரலாளர் ஒருவர் வகுப்பிடம் நேரடிப் பட்டியலை மட்டும் கேட்டு வாங்கிப் பதிலாளைச் செய்தால், பெற்றோர் வழி வந்த வாக்குறுதிகள் அதில் இரா. அசல் பொருள் செய்து தந்த வேலைக்குப் பதிலாளை அணுகினால், வகை பொருந்தவில்லை என்று நிரல் இடையில் நின்றுவிடும். அதனால்தான் பெற்றோர் வகுப்புகளின் வழியே மேலேறி, மரபில் வந்த இடைமுகங்களையும் திரட்டித் தரும் துணைச் செயற்கூறுகளை இக்கட்டமைப்புகள் தாமே எழுதி வைத்திருக்கின்றன.

2014-இல் ஜாவா 8 இன்னொரு கோட்டையும் தளர்த்தியது. வாக்குறுதி மட்டுமே இருந்த இடைமுகத்துக்குள் ‘டிஃபால்ட்’ செயற்கூறு என்னும் பெயரில் உடலும் நுழைந்தது. உலகெங்கும் எழுதப்பட்டுவிட்ட வகுப்புகளை உடைக்காமல் பழைய இடைமுகங்களுக்குப் புதிய வாக்குறுதிகளைச் சேர்க்க வேறு வழி இருக்கவில்லை. உடல் இரு வழியாக வந்தால் எது செல்லும் என்னும் பழைய குழப்பமும் கூடவே வந்தது. அதற்கு விதிகள் வகுத்தனர்: வகுப்பில் எழுதியது இடைமுகத்தில் எழுதியதை வெல்லும், குறிப்பான இடைமுகம் பொதுவானதை வெல்லும், இரண்டும் சமமானால் கம்பைலர் முடிவெடுக்காது, நிரலாளரே வெளிப்படையாக எழுத வேண்டும். 2017-இல் வந்த ஜாவா 9, மாட்யூல் அமைப்பின் வழியே, பிரதிபலிப்பு எதுவரை எட்டிப் பார்க்கலாம் என்பதற்கும் எல்லை வகுத்தது. கேட்கும் உரிமையே விதிக்கு உட்பட்டது.

மொழி வடிவமைப்பாளர்களுக்குக் கிட்டிய இந்த வாய்ப்பு, ஒரு முடிவை எழுதி வைக்கும் வாய்ப்பு, வரலாற்றில் எப்போதும் கிட்டுவதில்லை. அதற்குச் சான்று நெய்யாறு. அகத்தியமலைப் பகுதியில் தோன்றி, நெய்யாற்றின்கரை வழியே ஓடிப் பூவாறில் கடலைச் சேரும் ஆறு அது. அதன் குறுக்கே அணை கட்டும் திட்டம் திருவிதாங்கூர்–கொச்சி மாநில காலத்தது. அப்போது விளவங்கோடும் அதே மாநிலத்தில் இருந்தது. இடதுகரைக் கால்வாய் விளவங்கோடு நிலங்களுக்கும் நீர் தருவதாக அமைந்தது. அணை நிறைவெய்திய 1958-இல் எல்லை மாறிவிட்டிருந்தது. அதன் பின்னும் பல்லாண்டுகள் கால்வாயில் நீர் வந்தது. 2004-இல் கேரளம் அதை நிறுத்தியது. 2012-இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தை நாடியது.

வழக்கின் சாரம் இக்கட்டுரையின் கேள்வியேதான். பழைய மாநிலம் விளவங்கோட்டுக்கு அளிக்கத் திட்டமிட்ட நீர், சீரமைப்புக்குப் பின்னும் தொடரும் உரிமை என்பது தமிழ்நாட்டின் நிலை. நெய்யாறு மாநிலங்களுக்கிடையிலான ஆறு அன்று, நீர் தர வேண்டிய ஒப்பந்தமும் இல்லை என்பது கேரளத்தின் நிலை. 1956-ஆம் ஆண்டின் மாநிலச் சீரமைப்புச் சட்டத்தில் 108-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. சீரமைப்புக்கு முன் நிலவிய சில நீர்ப்பாசன, மின் திட்டங்கள் குறித்த ஒப்பந்தங்களும் ஏற்பாடுகளும் தொடரும் என்று அது கூறுகிறது. அப்பிரிவு பேசுவது மாநிலங்கள் தமக்குள்ளோ மத்திய அரசோடோ செய்துகொண்டவற்றைப் பற்றி. நெய்யாற்றுக் கால்வாய் வகுக்கப்பட்டபோது இருந்தது ஒரே மாநிலம். தனக்குத் தானே ஒப்பந்தம் எழுதிக்கொள்ளும் தேவை அதற்கு எழவில்லை.

நிரலாளர் மொழியில் சொன்னால், ஒரு வகுப்பின் உள்வேலையாக இருந்த செயற்கூறு அது. வகுப்பு இரண்டாகப் பிரிந்தபோது அதை இடைமுகமாக உயர்த்தி, இரு தரப்பும் அறிவிக்கச் செய்திருக்க வேண்டும். அப்படி எழுதப்படாததால், அறிவித்தவற்றை மட்டும் கேட்டால் பட்டியல் வெறுமையாக இருக்கிறது. மரபில் வந்தவற்றையும் சேர்த்துக் கேட்டால் பட்டியலில் நீர் இருக்கிறது. ஒப்புமைக்கு எல்லை உண்டு. நிரலில் எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதை நூலகத்தின் ஆவணம் முன்கூட்டியே தீர்த்து வைத்திருக்கிறது. இங்கே எந்தக் கேள்வி செல்லும் என்பதே வழக்கு. இடையில் நிற்பது வகை பொருந்தாத ஒரு நிரல் அன்று, கடைமடை விவசாயியின் பயிர்.

மொழியின் நிலையும் இதற்கு அருகிலேயே இருக்கிறது. 1953-இல் அமைக்கப்பட்ட ஃபசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்பு ஆணையம், தெற்குத் திருவிதாங்கூரில் தாலுகாவை அலகாகக் கொண்டு முடிவு செய்தது. அலகு கிராமமாக இருந்திருந்தால் பெறப்படும் பட்டியல் வேறாகியிருக்கும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒருவருக்கு ஒரு தாய்மொழியைத்தான் பதிகிறது. அறிந்த பிற மொழிகளுக்குத் தனிக் கட்டம் வைத்திருக்கிறது. பாறசாலைப் பக்கத்து வீட்டில் மலையாளம் என்று பதிந்த ஒருவர் பாட்டியிடமிருந்து பெற்ற தமிழை அன்றாடம் பேசலாம். களியக்காவிளைப் பக்கத்தில் தமிழ் என்று பதிந்தவருக்கும் மலையாளம் அவ்வாறே. தாய்மொழிப் பட்டியலை மட்டும் கொண்டு எல்லைவாசியின் பதிலாளை உருவாக்கும் ஆய்வாளர், ஜாவாவின் நேரடிப் பட்டியலோடு திரும்பிய நிரலாளரின் இடத்தில்தான் நிற்கிறார்.

இரு துறை மாணவருக்கும் இதில் பயன் உண்டு. பிரதிபலிப்பைக் கையாளும் நிரலாளர் ஒவ்வொரு முறையும் மூன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது: கேட்பது வகுப்பையா இடைமுகத்தையா, வேண்டுவது அறிவித்ததா அழைக்கத்தக்கதா, பட்டியல் தேவையா ஆம்–இல்லை போதுமா. எல்லைகளின் வரலாற்றை எழுதுபவர் ஆவணக் காப்பகத்தில் வெறுமையான கோப்பைக் காணும்போது, இல்லை என்று எழுதுவதற்கு முன் பெற்றோரின் கோப்பையும் புரட்ட வேண்டும். அங்கே கிடைப்பது உரிமை ஆகுமா என்பது வேறு வாதம். அந்த வாதத்தைத் தொடங்குவதற்கே முதலில் அது கண்ணில் பட வேண்டும்.